சொன்னதைச் சொன்னபடி

“எதுக்கு வந்திருக்காங்கன்னு கேளுங்க” என்றான் அண்ணன், சுவரைப் பார்த்தபடி.

கேட்கச் சொன்னது வார்டரிடம். பதில் சொல்ல வேண்டியவள், அவனுக்கு வக்கீலாக வந்திருக்கும் தங்கை, மேசைக்கு இந்தப் பக்கம், கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். சிறையில் வக்கீல்களுக்கென்று ஒதுக்கிய அறை அது. அறை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். தரையோடு திருகாணி போட்டு முடுக்கிய ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், பாதிக்குக் கண்ணாடி வைத்த ஒரு கதவு. வார்டர் அந்தக் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே நடப்பதைப் பார்க்கலாம், பேசுவதைக் கேட்கக் கூடாது. வக்கீலும் கட்சிக்காரரும் பேசிக்கொள்வது அவர்கள் இரண்டு பேருக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். இத்தனை வருஷமாகக் கோர்ட்டுப் படி ஏறி இறங்குகிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அண்ணன் அவளிடம் நேராகப் பேச மாட்டான். முதல் தடவை அவள் வந்தபோது கொடுத்த நேரம் பூராவும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டான். அடுத்த தடவை கதவைத் திறந்து வார்டரை உள்ளே கூப்பிட்டது அவள்தான்.

“மறுஆய்வு மனு விசாரணைக்கு வருது, அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெரியணும்னு சொல்லுங்க” என்றாள்.

வார்டர் பாவம், நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பினார். “ஏதோ ஒரு விஷயம் தெரியணுமாம்பா” என்றார். அவருக்குச் சிறைக்குள் ரேடியோ என்று பெயர். யாருக்கு ஜாமீன் கிடைக்கும், எந்த அதிகாரிக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யார் வீட்டில் யாரோடு சண்டை, எல்லாமே அவர் வாய் வழியாகத்தான் ஒவ்வொரு பிளாக்குக்கும் போகும். விட்டால் சுவரோடும் பேசுவார். ஊரில் வேறு ஆளே கிடைக்காத மாதிரி அந்த மனிதரைப் போய்த் தூதுக்கு வைத்திருந்தாள் அவள். தலையெழுத்து என்று சொல்லிவிட்டுப் போகலாம். பழக்கம் என்று சொல்வதுதான் நியாயம்.

அவர்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. என்ன சண்டை, யார் ஆரம்பித்தது என்று கேட்டிருந்தால் இரண்டு பேருக்குமே சொல்லத் தெரிந்திருக்காது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. பேச்சு மட்டும் கிடையாது. ‘உங்கப்பாகிட்ட சொல்லு’, ‘உங்கம்மாகிட்ட கேளு’ என்று எல்லாமே பிள்ளைகள் வழியாகத்தான். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்தே அண்ணனும் அவளும் வளர்ந்தார்கள்.

இதில் ஆளுக்கு ஒரு பாணி. “நாக்கு செத்துப்போச்சான்னு உங்கம்மாவைக் கேளு” என்பார் அப்பா. அவள் சமையலறைக்குப் போய், “அப்பாவுக்குக் கொஞ்சம் உப்பு வேணுமாம்மா” என்பாள். “வேணும்னா கொட்டிக்கச் சொல்லு, இல்லேன்னா எந்திரிச்சுப் போகச் சொல்லு” என்பாள் அம்மா. அவள் கூடத்துக்கு வந்து, “நாளைக்குப் பார்த்துப் போடுறாங்களாம்பா” என்பாள். நடக்கிற அந்த நாலு எட்டுக்குள் சொல்லைக் கழுவித் துடைத்து, முனையை மழுக்கிக் கையில் கொடுப்பாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்தது. அண்ணன் அப்படியில்லை. அப்பா சொன்னதை அப்பா குரலிலேயே அம்மாவிடம் சொல்வான், அம்மா சொன்னதை அம்மா குரலிலேயே அப்பாவிடம். அங்கே கன்னத்தில் ஒரு அறை, இங்கே ஒரு அறை. “ஏண்ணா, கொஞ்சம் மாத்திச் சொன்னா என்ன?” என்று அவள் கேட்டால் கன்னத்தைத் தடவிக்கொண்டே, “சொல்லச் சொன்னதைத்தானே சொன்னேன். அவங்க பேச்சை மாத்த நான் யாரு?” என்பான். அவள் சட்டம் படித்தாள், விவாகரத்து வழக்குகளில் பேர் வாங்கினாள். அவன் வெல்டிங் கற்றுக்கொண்டான். எது எங்கே ஒட்டும், எது ஒட்டாது என்று அவனுக்கு இரும்பில் தெரிந்தது. மனிதர்களிடம் கடைசி வரை தெரியவில்லை.

அப்பா போன பிறகு அம்மா அவளோடு இருந்தாள். அண்ணன் ஏதோ கோபத்தில் வீட்டை விட்டுப் போய்த் தனியாகப் பட்டறை வைத்திருந்தான். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் போன் செய்தான். “வந்து பாக்கலாமான்னு அம்மாகிட்ட கேளு.” அவள் கேட்டாள். அம்மாவுக்கு வலி, எரிச்சல், உடம்பு முழுக்கப் புண். “செத்தாலும் என் மூஞ்சில முழிக்க வேண்டாம்னு சொல்லு” என்றாள். இப்படிப்பட்ட பேச்சை எத்தனை தடவை கழுவியிருப்பாள் அவள்! ‘அம்மாவுக்கு மேலுக்கு முடியல, அடுத்த வாரம் வா’ என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அன்று அவளும் தூங்கிப் பல நாளாகியிருந்தது. கையில் அம்மாவின் அழுக்குத் துணி, வாசலில் கட்சிக்காரர்கள். சொன்னபடியே சொல்லிவிட்டாள். அவனும் அவனல்லவா? சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டான். அம்மா செத்தபோதும் வரவில்லை. தெருமுனையில் நின்றுவிட்டுப் போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவளோடு பேச்சை நிறுத்திவிட்டான். ஒரே ஒரு தடவை அத்தை மூலமாகச் சொல்லியனுப்பினான்: “ஊர்ல எல்லாருக்கும் மாத்திச் சொன்னா. எனக்கு மட்டும் மாத்தலை.” அத்தைக்கு இது விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது. 

இப்போது கயிறு அவன் கழுத்துக்கு வந்திருந்தது. கூட்டாளி ஒருவன் பட்டறையைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு அவனை வெளியே தள்ளினான். ஒரு விடுமுறை நாள் மதியம் அண்ணன் பட்டறைக்குத் தீ வைத்தான். பட்டறைக்குப் பின்னால் அதே கூரையின் கீழ் கூட்டாளியின் வீடு. உள்ளே கூட்டாளியும் அவனுடைய சின்னப் பையனும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே போய்விட்டார்கள். கூட்டாளியின் மனைவி முன்கதவை வெளியே பூட்டிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போயிருந்ததால் தப்பித்தாள். விசாரணையில் அண்ணன் வாயையே திறக்கவில்லை. யாரோடு பிணக்கோ அவரோடு பேச மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்தால் அதைக் கோபம் என்பார்கள். கோர்ட்டில் உட்கார்ந்தால் அதற்கு வேறு பேர். ‘செய்த செயலுக்கு வருந்தியதாக இவரிடமிருந்து ஒரு சொல்கூட இல்லை’ என்று எழுதித் தூக்கைக் கொடுத்தார்கள். மேல்முறையீட்டிலும் அதே. அரசாங்கம் கொடுத்த வக்கீல் ஒப்புக்கு வாதாடிவிட்டுப் போனார். செய்தியைப் படித்த அன்றே அவள் வக்காலத்தோடு சிறைக்கு வந்தாள். கூப்பிடாமல் வந்தாள். மிச்சமிருந்தது மறுஆய்வு மனு ஒன்றுதான். அதுவும் போனால் கருணை மனு, அதை யார் எப்போது படிப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

எல்லாம் ஒரே கேள்வியில் நின்றது. அதை அவள் வார்டரிடம் கேட்டாள். “உள்ள ஆள் இருந்தது அவருக்குத் தெரியுமா, தெரியாதான்னு கேளுங்க.”

“உள்ள ஆள் இருந்தது தெரியுமாப்பா?” என்றார் ரேடியோ.

அண்ணன் உள்ளங்கைகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தான். “வேன் இல்ல. முன்கதவு பூட்டு. வெளியூர் போறதா அவனே நாலு பேர்கிட்ட சொல்லியிருந்தான். யாரும் இல்லைன்னு நெனச்சுத்தான் வச்சேன்னு சொல்லுங்க.”

அவளுக்கு மூச்சு வந்தது. இது போதும். இதை வைத்து மலையைப் புரட்டலாம். வேன், பூட்டு, வெளியூர்ப் பயணம், மூன்றுக்கும் சாட்சி உண்டு. கொல்லும் எண்ணம் இல்லை என்றாகிவிட்டால் கயிறு அறுந்தது மாதிரிதான். பேனாவை மூடினாள்.

“இன்னும் முடியலைன்னு சொல்லுங்க” என்றான் அண்ணன். “பத்த வச்சு, தீ கூரைக்கு ஏறுறப்ப உள்ளேயிருந்து இருமல் கேட்டுச்சு. சின்னப் பையன் இருமல்.”

ரேடியோ வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

“சொல்லுங்க.”

“அவங்களுக்கே கேட்டுச்சுப்பா.”

“நீங்க சொல்லுங்க.”

ரேடியோ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அண்ணன் ஒவ்வொரு வாக்கியமாக விட்டான், அவர் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் எடுத்து வைத்தார். பின்கதவு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சாம். போகலையாம். நின்னாராம். எவ்வளவு நேரம்னு தெரியலையாம். அவன் புள்ளைதானேன்னு ஒரு நெனப்பு வந்துச்சாம். அப்புறம் ஓடிப்போய்க் கதவைப் புடிச்சு இழுத்தாராம். அப்ப இருமல் இல்லையாம்.

அண்ணன் கையைத் திருப்பி வைத்தான். இரண்டு உள்ளங்கையிலும் தோல் மினுங்கிச் சுருங்கியிருந்தது. வெல்டிங் காயம் என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள், இவனும் மறுக்கவில்லை.

“இதையும் கோர்ட்டுல சொல்லணும்னு சொல்லுங்க. சொன்னபடியே. ஒரு வார்த்தை மாத்தக் கூடாது. மாத்துறதா இருந்தா இந்த மனுவே வேண்டாம்னு சொல்லுங்க.”

அவளால் பொறுக்க முடியவில்லை. “அண்ணா, இதைச் சொன்னா உன்னைத் தூக்குல போட்டுருவாங்கண்ணா” என்றாள், நேராக அவன் முகத்தைப் பார்த்து.

அவன் சுவரைப் பார்த்தான். “அது அவங்க பாடுன்னு சொல்லுங்க.”

வெளியே வராந்தாவில் வந்து நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. என்ன காரியம் செய்துவிட்டாள்! வக்கீலும் கட்சிக்காரரும் பேசியதைச் சிறை ஊழியர் ஒருவர் முழுசாகக் கேட்டிருக்கிறார். கேட்டது மட்டுமா, தன் வாயாலேயே சொல்லியுமிருக்கிறார். நாளைக்கு அரசு வக்கீல் கூப்பிட்டால் கூண்டில் ஏறி நிற்க வேண்டியவர். சட்டக் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற பிள்ளைகூடச் செய்யாது இந்தத் தப்பை. அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு மட்டும்தான் இது தப்பாகவே தெரியாமல் போகும்.  சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ரேடியோ சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். “வக்கீலம்மா, எனக்கு ஒரு காது மந்தம். இன்னொரு காதுல நான் எதையும் வாங்குறதில்ல. பேசுறதுக்கே நேரம் பத்தல, கேக்குறதுக்கு எங்க போறது?” என்று சிரித்தார். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “இதைப் போயி நான் யார்கிட்டம்மா சொல்லுவேன்? எனக்கும் வீட்ல புள்ளைங்க இருக்கு. நீங்க உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் சொல்லுங்க. நான் ஒண்ணும் கேக்கல.”

அவர் சொன்னபடியே இருந்தார். அடுத்த தடவை அவள் போனபோது வாசல் காவலர், “ரேடியோ ரிப்பேர்மா, ரெண்டு வாரமா சத்தமே இல்ல” என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ரேடியோ ஊதியிருந்தால்கூட நல்லதாகப் போயிருக்கும் என்று தோன்றியது. மறைக்க வழியில்லை என்று ஆகியிருக்கும். இப்போது எல்லாக் கதவையும் அவளுக்குத் திறந்து வைத்துவிட்டார் மனிதர். சொல்வதும் சொல்லாததும் அவள் தலையில்.

விசாரணை அன்று கோர்ட்டில் கூட்டமில்லை. மூன்று நீதிபதிகள், நடுவில் இருப்பவர் மூத்தவர், இடது பக்கம் ஒரு பெண் நீதிபதி. பக்கச் சுவரில் பெரிய திரை. அதில் சிறையின் ஒரு அறை, நாற்காலியில் அண்ணன், பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ரேடியோ. இங்கே பேசுவது அங்கே கேட்கும். அங்கே பேசுவது நீதிபதி சொன்னால்தான் இங்கே கேட்கும், அதுவரை சத்தத்தை அடைத்து வைத்திருப்பார்கள். அண்ணன் அங்கேயும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி பெஞ்சில் கூட்டாளியின் மனைவி உட்கார்ந்திருந்தாள். எல்லா வாய்தாவுக்கும் வருகிறவள், மடியில் ஒரு துணிப்பை, அதன்மேல் இரண்டு கை. போன வாய்தாவில் கைகழுவும் இடத்தில் இவளும் அவளும் எதிரெதிரே வரும்படி ஆயிற்று. “நீங்க அவரோட தங்கச்சியாமே” என்று கேட்டாள். ஆமாம் என்றதும், “எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல” என்று சொல்லிவிட்டுக் குழாயை மூடிப் போய்விட்டாள். தீ வைத்த அன்று மதியம் அவள் வேனை எடுத்துக்கொண்டு போனது பையனின் இருமலுக்கு மருந்து வாங்க. வழக்குக் கட்டில் அவள் சாட்சியத்தில் அது ஒரு வரி.

வாதம் நன்றாகவே போனது. சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு அன்று நாக்கில் தடங்கலே இல்லை. பூட்டைப் பற்றிச் சொன்னாள், வெளியூர்ப் பயணத்தைப் பற்றிச் சொன்னாள். வேன் அங்கே இல்லை என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் கடைசி பெஞ்சைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டாள். வீட்டில் யாரும் இல்லை என்று நம்பித்தான் இவர் தீ வைத்தார் என்றபோது மூத்த நீதிபதி தலையை ஆட்டி எதையோ குறித்துக்கொண்டார். அரசு வக்கீல் எழுந்து எதையோ சொல்லப் பார்த்து உட்கார்ந்தார். கரை தெரிந்துவிட்டது என்று அவளுக்கே பட்டது. இப்படியே முடித்துவிடலாம். முடித்த பிறகு அண்ணன் இன்னும் பத்து வருஷம் பேசாமல் இருக்கட்டும். பேசாமல் இருக்கவாவது உயிரோடு இருக்க வேண்டுமே.

“ஒரு சந்தேகம்” என்றார் பெண் நீதிபதி. அதுவரை அவர் எதுவும் கேட்கவில்லை. “வைக்கும்போது தெரியாது என்கிறீர்கள், சரி. வைத்த பிறகு? உள்ளே ஆள் இருப்பது பிறகாவது அவருக்குத் தெரிய வந்ததா?”

பதில் அவள் நாக்கிலேயே இருந்தது. ‘பதிவில் அப்படி எதுவும் இல்லை.’ பொய் இல்லை. பதிவில் உண்மையாகவே எதுவும் இல்லை. எந்த வக்கீலும் சொல்லக்கூடிய, எந்த நீதிபதியும் ஏற்றுக்கொள்ளக்கூடிய, கழுவித் துடைத்த பதில். இரண்டு நொடி போதும். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகிற நேரம்கூட ஆகாது.

திரையைப் பார்த்தாள். அண்ணன் சுவரைப் பார்ப்பதை விட்டிருந்தான். குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் அறை வாங்குவதற்கு முன்னால் அப்படித்தான் நிற்பான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அடி வரட்டும் என்று. ரேடியோ உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு எங்கோ மேலே பார்த்தார்.

“தெரிய வந்தது” என்றாள்.

மூத்த நீதிபதியின் பேனா நின்றது.

“அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்ல அனுமதி வேண்டும்” என்று கேட்டு, கோர்ட்டுத் தமிழை விட்டுவிட்டு, அவன் சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள். இருமல் கேட்டுச்சு, சின்னப் பையன் இருமல். பின்கதவு எட்டுற தூரம். போகல. நின்னேன். அவன் புள்ளைதானேன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அப்புறம் ஓடிப்போய் இழுத்தேன். அப்ப இருமல் இல்ல. குரல் அவளுடையது, பேச்சு அவனுடையது. ஒவ்வொரு வாக்கியத்தையும் கையில் நெருப்பை எடுத்து வைப்பது மாதிரி வைத்தாள். “இதை ஒரு வார்த்தை மாத்தாம சொல்லணும்னு சொன்னதும் அவர்தான்” என்றாள் கடைசியாக. அதற்கு மேல் வாதம் எதையும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தெரியாமல் இல்லை.

கடைசி பெஞ்சில் பை நழுவிக் கீழே விழுந்தது.  வாதாடிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கும் தைரியம் இல்லை. அரசு வக்கீல் எழுந்து நின்று, பதிவிலேயே இல்லாத ஒன்றை எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டிருப்பதாக உரத்த குரலில் ஆரம்பித்தார். பெண் நீதிபதி அவரைக் கையமர்த்தினார். அவர் பார்வை திரையில் இருந்தது.

திரையில் அண்ணன் எழுந்து நின்றிருந்தான். வழக்கப்படி ரேடியோ காதைக் கொடுக்கக் குனிந்தார். அண்ணன் அவர் தோளில் கை வைத்து மெதுவாக ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தான். கேமராவுக்கு அவ்வளவு பக்கத்தில் வரக் கூடாது, ஆனால் ரேடியோ தடுக்கவில்லை. திரை முழுக்க அண்ணன் முகம். காதோரம் நரைத்திருந்தது, கண்ணுக்குக் கீழே தொங்கிவிட்டிருந்தது, அவன் அவள் பக்கம் திரும்பாததால் இதையெல்லாம் அவள் இதுவரை கவனித்ததே இல்லை. அவன் பேசினான். நேராக அவளைப் பார்த்துப் பேசினான். முதலில் வந்தது ‘குட்டி’ என்பது அவளுக்கு உதட்டிலேயே தெரிந்தது. வீட்டில் அவளை அப்படிக் கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். அதற்குப் பிறகு சொன்னது எதுவும் புரியவில்லை.

“சத்தத்தைத் திறங்க” என்றார் பெண் நீதிபதி.

ரிமோட்டைக் காணவில்லை. கோர்ட் கிளார்க் மேசைமேல் இருந்த கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், நாற்காலிக்கு அடியில் குனிந்து தேடினார். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவரில் அண்ணனுடைய வாய் நிற்காமல் அசைந்துகொண்டிருந்தது.